கழற்றி மாற்றக்கூடிய சமையலறை

"மித்ரா, அந்த ஹாஸ்டல் கிச்சன்ல ரெண்டு பாக்ஸ் இருக்கில்லையா, அதுல ஒண்ணக் கழட்டி ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால வெக்கணுமாம். ஒரு ட்ராயிங் போட்டுக் குடுத்துடு" என்றார் சேஷகிரி, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சங்கமித்ரா கணினியிலிருந்து திரும்பினாள். "எதுக்கு ஸார்?"

"ஏதோ ஸ்மெல் ப்ராப்ளம். டிரஸ்ட்ல கேக்கறா. நாமதானே சொன்னோம், எந்தப் பெட்டிய வேணும்னாலும் கழட்டி எங்க வேணும்னாலும் வெச்சுக்கலாம்னு."

சொன்னது உண்மைதான். அப்படி வரைந்தவளே அவள்தான். பெங்களூருக்கு வெளியே பொம்மசந்திராவைத் தாண்டி ஒரு கல்வி அறக்கட்டளைக்காக அவர்களுடைய அலுவலகம் கட்டிக்கொடுத்த மாணவர் விடுதி அது. செங்கல் கிடையாது, கான்கிரீட் தூண் கிடையாது. குடகுப் பக்கம் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் மரத்தை அறுத்து, பலகைகளை ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாக அடுக்கிப் பசையிட்டு அழுத்தி, அதையே சுவராகவும் தரையாகவும் கூரையாகவும் வைத்துக் கட்டியது. ஒவ்வோர் அறையும் ஒரு பெரிய பெட்டி. கதவு, சன்னல், மின்கம்பி எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே பொருத்தி லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைகளில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். மழை விட்டதும் தொடங்கி தீபாவளிக்குள் மூன்று மாடி எழும்பிவிட்டது. நாளைக்கு இந்த இடம் வேண்டாமென்றால் கழற்றி வேறோர் இடத்தில் அடுக்கிக்கொள்ளலாம். ஒரு பலகையும் குப்பைக்குப் போகாது.

அந்தக் கட்டடத்துக்குப் பரிசு கிடைத்தது. பத்திரிகைகளில் படம் வந்தது. வந்த படங்களில் பாதிக்குமேல் சமையலறைதான். இரண்டு சிறகுகளுக்கும் நடுவே, முற்றத்தில், இரண்டு பெட்டிகளைச் சேர்த்த ஒற்றைத் தளமாக அது இருந்தது. எந்த அறைக்குப் போவதானாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும். பிள்ளைகளே முறை வைத்துச் சமைத்து, ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சன்னல்களுக்காக வெட்டியெடுத்த பலகைத் துண்டுகளைச் சேர்த்துச் செய்த மேசை. பேட்டிகளில் சேஷகிரி அதை டென்மார்க்கில் பார்த்த யோசனை என்று சொன்னார்.

சங்கமித்ரா டென்மார்க் போனதில்லை. அவள் படித்த கல்லூரி விடுதியில் இரண்டு சாப்பாட்டுக் கூடங்கள் இருந்தன. கறி சாப்பிடுகிறவர்களுக்கான இரண்டாவதற்குக் கழிவறைத் தாழ்வாரத்தின் வழியாகப் போக வேண்டும். ஐந்து வருஷம் அந்த வழியாகப் போய்ச் சாப்பிட்டாள். அந்த ஐந்து வருஷக் கோபத்தை உட்கார்ந்து வரைந்ததுதான் அந்த மேசை. இதை அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பாதிதான். வேலைக்குச் சேர்ந்த வாரமே சேஷகிரி, "சங்கமித்ரா ரொம்ப நீளம், கிளையன்ட்ஸுக்கு மித்ரான்னா ஈஸி" என்று வெட்டிவிட்டிருந்தார்.

மறுநாள் காலை ஓசூர் ரோடு நெரிசலில் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்து விடுதிக்குப் போனாள். மேலாளர் வீணா வாசலில் காத்திருந்தாள்.

"மேடம், இது மரம் இல்லையா, நாத்தத்த எல்லாம் இழுத்துக்குது. சிமெண்ட்டுனா கழுவி விட்டுடலாம். சில பிள்ளைங்க வாந்தியே வருதுங்கறாங்க."

"எந்த நாத்தம்?"

வீணா குரலைத் தாழ்த்தினாள். "கருவாடு. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போட்டிக் கறி, ஆட்டுக் குடல் வேற. அதுலதான் பெரிசாப் போச்சு."

"சிக்கன் பிரியாணி?"

"அது வெளிய இருந்து பார்சல் வருது. எல்லாருமே சாப்பிடறாங்க. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

"அப்ப பின்னாடி வெக்கிற பெட்டியில யார் சமைப்பாங்க? யாருன்னு பேர் எழுதி ஒட்டுவீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல மேடம். அது தானா தெரிஞ்சிடும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொன்னதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாதது போலிருந்தது. சங்கமித்ராவுக்குக் காதுமடல் சூடேறியது. உள்ளே போனாள்.

சமையலறையில் கருவாட்டு வாசனை இல்லை. ஃபினாயில் நெடி மூக்கைக் குத்தியது. நீள மேசையின் குறுக்கே நீல டேப் ஒட்டியிருந்தது. டேப்புக்கு அந்தப் பக்கம் பூச்சாடி, தண்ணீர்க் கூஜா. இந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

"இது டெம்பரரிதான் மேடம்" என்றாள் வீணா பின்னாலிருந்து.

சங்கமித்ரா டேப்பின் முனையை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பாக உரித்தாள். மரத்தில் பூசியிருந்த எண்ணெய்ப் பூச்சும் சேர்ந்து வந்து, மேசையின் குறுக்கே வெளிறிய கோடு ஒன்று விழுந்தது. அவள் டேப்பைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

சிங்க் பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்த பெண் இதைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மெர்சி என்று பெயர். கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டைக்காரி, பி.டெக் மூன்றாம் வருஷம். கருவாட்டுக் குழம்பு வைத்தவள் அவள்தான்.

"நீங்கதான் இதக் கட்னீங்களாக்கா?"

"வரைஞ்சேன்."

"இன்னாத்துக்குக்கா கழட்ற மாதிரி வரைஞ்சீங்கோ?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மரத்தை வீணாக்காமலிருக்க என்றும், கட்டடம் காலத்துக்கேற்ப மாற என்றும் சங்கமித்ராவிடம் பத்து மேடையில் சொன்ன பதில் இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஏணி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

கூரைமேல் ஏறிப் பார்த்தாள். அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு, அதிலிருந்து கூரை வழியாக வெளியே போகிற தகரக் குழாய். அந்தக் குழாயின் வாயைப் பலகைத் துண்டால் அடைத்துச் சுற்றிலும் வெள்ளி டேப் ஒட்டியிருந்தார்கள். கீழே விசிறி ஓடினாலும் புகையும் ஆவியும் போக வழியில்லாமல் சமையலறைக்கே திரும்பியிருக்கின்றன.

"இத யாரு மூடினது?" என்று கூரையிலிருந்தே கேட்டாள்.

"செக்ரட்டரி ஸார் சொன்னாரு மேடம். கெஸ்ட் ரூம் பால்கனி பக்கம் வாசனை வருதுன்னு."

"இத மூடினா பாயசம் காய்ச்சினாக்கூட நாறும்."

அடைப்பைப் பிய்த்து எறிந்தாள். இறங்கி வந்து விசிறியைப் போட்டு, புகைக்கூண்டின் அருகே ஒரு காகிதத்தைப் பிடித்தாள். காகிதம் விருட்டென்று மேலே போய் ஒட்டிக்கொண்டது. மெர்சி ஒரு பிடி காய்ந்த மிளகாயைச் சட்டியில் போட்டு வறுத்தாள். பக்கத்தில் நின்ற வீணாவுக்குத் தும்மல்கூட வரவில்லை.

"அவ்வளவுதான் வீணா. எதையும் கழட்ட வேண்டாம்."

"ஸார்கிட்டக் கேக்கணும் மேடம்" என்றாள் வீணா.

அன்று மாலையே குழாயை மறுபடி அடைத்துவிட்டார்கள். மெர்சி படமெடுத்து அனுப்பியிருந்தாள். இந்தத் தடவை டேப் ஒட்டவில்லை, ஆணி அடித்திருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க சங்கமித்ரா வீட்டில் பாத்திரங்களை வைத்த சத்தத்தில் அவள் கணவன் தினேஷுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அல்சூர் கௌதமபுரத்தில், அம்பேத்கர் சிலைக்கு அடுத்த தெருவில் இரண்டறை வீடு. எந்தச் சத்தமும் ஒளிந்துகொள்ள இடமில்லை. அவன் மெட்ரோ ரயில் பராமரிப்பில் வேலை பார்த்தான்.

"சொல்லணும்னு நெனச்சா சொல்லிடு" என்றான். "சொல்லாம வந்து அந்தக் குக்கர்கிட்ட சண்டை போடாத."

அறக்கட்டளைக் கூட்டம் அந்த நீள மேசையிலேயே நடந்தது. காரில் வரும்போதே சேஷகிரி, "இன்னிக்கு டெக்னிக்கலா மட்டும் பேசு, போறும்" என்று சொல்லியிருந்தார். செயலாளர் ஹரிஷ்குமார் சுத்தமான வெள்ளைச் சட்டையில் வந்தார். மெல்லிய குரல். காவலாளியைக்கூட 'நீங்கள்' என்று கூப்பிடுகிறவர். வீணா ஓரத்தில் உட்கார்ந்தாள். மாணவர்களும் இருக்க வேண்டும் என்று சங்கமித்ரா பிடிவாதமாகச் சொன்னதால் மெர்சியை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. சங்கமித்ரா எழுந்துபோய் ஒன்றை இழுத்துவந்து தன் பக்கத்தில் போட்டாள்.

ஹரிஷ்குமார் கன்னடத்தில் பேசினார். "நாங்கள் யாரையும் எதையும் சாப்பிட வேண்டாமென்று சொல்லவில்லை அம்மா. தாராளமாகச் சாப்பிடட்டும். தனியாகச் சாப்பிடட்டும். அவர்களுக்கும் சௌகரியம், மற்றவர்களுக்கும் சௌகரியம். உங்கள் கட்டடத்தின் பெருமையே அதுதானே, சுவரை இடிக்காமல் பிரித்துக்கொள்ளலாம்."

சேஷகிரி தலையாட்டினார்.

"ஒரே கேள்வி" என்றார் ஹரிஷ்குமார். "அந்தப் பெட்டியை எடுத்தால் கட்டடத்துக்கு ஆபத்து ஏதாவது உண்டா?"

எல்லாரும் சங்கமித்ராவைப் பார்த்தார்கள். உண்டு என்று ஒரு சொல் போதும். இரண்டு சிறகுகளும் சமையலறையின்மேல்தான் சாய்ந்து நிற்கின்றன, காற்றடித்தால் ஆடும் என்று சொன்னால் அந்த மேசையில் யாருக்கும் அதை மறுக்கத் தெரியாது. சேஷகிரிக்குக்கூட வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பொய் வாய்வரை வந்தது. சொன்னால் பெட்டி நிற்கும். இவர்கள் நல்லவர்களாகவே எழுந்து போவார்கள், வேறு வழியில்லை என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு. அவர்கள் செய்ய வந்தது இன்னதென்று ஒருவர் வாயிலிருந்தும் வராது. அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஆபத்து ஒன்றும் இல்லை" என்றாள் கன்னடத்திலேயே. "ஒரு நாளில் எடுத்துவிடலாம். நான் அப்படித்தான் வரைந்தேன். ஆனால் எடுக்கக் கூடாது."

"ஏன்?"

"குழாயைத் திறந்தேன், வாசனை நின்றது. நீங்கள் ஆணி அடித்து மூடினீர்கள். உங்களுக்கு வாசனை நிற்க வேண்டாம். வாசனை இருந்தால்தானே இவளை இந்த மேசையைவிட்டு எழுப்ப முடியும்."

வீணா மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ஹரிஷ்குமாரின் குரல் ஏறவே இல்லை. "மித்ரா அவர்களே, உணர்ச்சிவசப்படுகிறீர்கள். உங்களுக்குப் பூர்விகம் எங்கே, வங்காளமா?"

"அல்சூர், கௌதமபுரம். என் பெயர் மித்ரா இல்லை. சங்கமித்ரா."

அந்தப் பேட்டையும் அந்தப் பௌத்தப் பெயரும் சேர்ந்து அவள் யாரென்று ஹரிஷ்குமாருக்குப் புரிந்தது. புரிந்ததைக் காட்டாமலிருக்கத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு சேஷகிரியின் பக்கம் திரும்பி, அவள் அங்கே இல்லாதது போல, "வரைபடம் எப்போது கிடைக்கும்?" என்று கேட்டார்.

"இந்த வாரத்தில் கொடுத்துவிடுகிறோம்" என்றார் சேஷகிரி.

அப்போது மெர்சி பேசினாள். கன்னடத்தில்தான் பேசினாள், கொஞ்சம் திக்கி. "ஸார், அன்றைக்கு அந்தக் குழம்பை எட்டுப் பேர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதில் மூன்று பேர்தான் உங்களிடம் புகார் செய்தவர்கள். அவர்களையும் பின்னால் அனுப்புவீர்களா?"

ஹரிஷ்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

கார் அருகே வந்ததும் சேஷகிரி கதவைத் திறக்காமல் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"எட்டு வருஷமா உன்ன எப்படி நடத்தியிருக்கேன்? ஒரு நாளாவது வித்தியாசம் பாத்தேனா?"

"பேர வெட்டினீங்க ஸார்."

"அது ஒரு பெரிய விஷயமா?"

"மேசையக்கூட டென்மார்க்னு சொன்னீங்க. போவுதுன்னு விட்டேன். இந்த ட்ராயிங்ல என் பேரு பாதிகூட வராது."

"நீ போடலன்னா வேற யாராவது போடுவா."

"தெரியும்."

அவள் காரில் ஏறவில்லை. ஓசூர் ரோடு வரை நடந்து பஸ் பிடித்தாள். நிற்க இடமில்லாத பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும்போது, சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டவைதான் ஒவ்வொன்றாக வாயில் வந்து நின்றன. மறுநாள் ராஜினாமா கொடுத்தாள். சேஷகிரி ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் வரைய மறுத்ததை, அவளே பழக்கிவிட்ட ஒருவன் ஒரு மத்தியானத்தில் வரைந்து முடித்தான்.

மார்கழிப் பனி விலகாத ஒரு காலையில் மெர்சி போன் செய்தாள். "அக்கா, கிரேன் வந்துகினு இருக்குது. நாங்க சமைக்கப் போறோம்."

சங்கமித்ரா போய்ச் சேர்ந்தபோது கிரேன் முற்றத்துக்கு வெளியே நின்றிருந்தது. கழற்ற வேண்டிய பெட்டிக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நான்கு அடுப்பும் எரிந்தன. ஒன்றில் கருவாட்டுக் குழம்பு, ஒன்றில் கன்னடக் குழம்பான அவரைக்காய்ச் சாறு, ஒன்றில் முட்டை, இன்னொன்றில் சோறு. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த வடகர்நாடகத்துத் தார்வாட் பெண் ஒருத்தி மூக்கைத் துப்பட்டாவால் கட்டியிருந்தாள். "எனக்கு இந்த வாசனை பிடிக்காது" என்று கன்னடத்தில் சொன்னாள். "ஆனால் இன்றைக்கு என் முறை." மாடித் தாழ்வாரங்களில் மற்ற பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் படமெடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்கள்.

கிரேனோடு வந்த மேஸ்திரி நாணுவைச் சங்கமித்ராவுக்குத் தெரியும். இந்தப் பெட்டிகளை முதலில் இறக்கி வைத்தவனும் அவன்தான். கறுப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக இருந்தான்.

"மேடம், நீங்களாச்சும் சொல்லுங்க. கிரேன் சும்மா நிக்குது, மொதலாளி திட்டறாரு."

"நான் இப்ப அந்த ஆபீஸ்ல இல்ல நாணு. நான் சொன்னா அவங்க கேக்கவும் மாட்டாங்க."

ஹரிஷ்குமார் வந்தார். கதவருகே நின்று, தயவுசெய்து வெளியே வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். மெர்சி ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, மேசையின் முனையில் அவர் எதிரே வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இத்தனை நாளும் ஏறாத அந்தக் குரல் அப்போதுதான் ஏறியது.

"தூக்குங்கள்" என்று நாணுவைப் பார்த்துக் கத்தினார். "உள்ளே இருப்பவர்கள் தானாக இறங்குவார்கள். தூக்குங்கள்."

நாணு பின்வாங்கினான். "மாலை போட்டிருக்கேன் ஸார், அந்தத் தட்ட நான் தொடக்கூட மாட்டேன். ஆனா ஆளு உள்ள இருக்கிற பெட்டியில கொக்கி மாட்ட மாட்டேன். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எம்மேலதான் கேஸு."

மத்தியானம்வரை காத்திருந்துவிட்டுக் கிரேன் போய்விட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சங்கமித்ரா தட்டவில்லை. 'தூக்குங்கள்' என்ற அந்தச் சொல் அவள் காதுக்குள்ளேயே நின்றது. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது அதைச் சொன்ன மனிதர், மாலையில் ஏதோ ஒரு பள்ளி விழாவில் மெல்லிய குரலில் வாழ்த்துரை சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். மெர்சி தன்முன் வைத்த தட்டைத் தொடாமல் நகர்த்தி வைத்தாள்.

பெட்டியை அவர்கள் மறுபடி தொடவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவந்தபோது கேஸ் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள். சமையலறைக் கதவில் பூட்டு. சாப்பாடு வெளியிலிருந்து டப்பாக்களில் வந்தது, எல்லாருக்கும் ஒரே சைவச் சாப்பாடு.

சங்கமித்ரா பிரேசர் டவுனில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தாள். பழைய வீடுகளுக்கு மாடி எடுப்பது, கார் நிறுத்த இடம் ஒதுக்குவது என்று வேலை. அந்த விடுதிக்கு இன்னொரு பரிசு கிடைத்த செய்தியைப் பேப்பரில் பார்த்தாள். சேஷகிரி சிரித்துக்கொண்டு நின்றார். பூட்டிய சமையலறைமுன் நின்று யாரும் படமெடுக்கவில்லை; பழைய படத்தையே போட்டிருந்தார்கள்.

கோடை தொடங்கியபோது மெர்சியின் போன் வந்தது. "அக்கா, கிச்சன் தொறந்துட்டாங்கோ. கேஸும் குடுத்துட்டாங்கோ. மேல அந்தப் பைப்பு அடைப்பக்கூட பிரிச்சு உட்டாங்கோ."

சங்கமித்ரா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "எப்படி? ஹரிஷ்குமார் ஏதாவது சொன்னாரா? உங்கிட்ட வந்து பேசினாரா?"

"அவரு இன்னாத்துக்குக்கா பேசப் போறாரு. பேரன்ட்ஸ் மீட்டிங்ல சத்தம் போட்டாங்கோ. டப்பா சாம்பார் தண்ணியா கீது, பிள்ளைங்க எளைச்சுப் போச்சுன்னு. யாரு யாரோ பெரிய எடத்துக்காரங்கோ. மறுநாளே தொறந்துட்டாங்கோ."

"மேசை?"

"எல்லாரும் உக்கார்றோம்க்கா. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் கீறாங்கோ."

பரீட்சை எப்போது என்று கேட்டாள். நன்றாகப் படி என்றாள். போனை வைத்தாள்.

சந்தோஷப்பட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பெட்டி நிற்கிறது. அடுப்பு எரிகிறது. அந்தப் பெண் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஆனால் செய்தது தப்பு என்று யாருக்கும் தோன்றித் திறக்கவில்லை. சாம்பார் தண்ணீராக இருந்ததால் திறந்திருக்கிறார்கள். சாம்பார் கெட்டியாக இருந்திருந்தால் அந்தப் பூட்டு இன்னும் பத்து வருஷம் தொங்கியிருக்கும்.

"யாரு போன்ல?" என்றான் தினேஷ், உள்ளேயிருந்து. "நல்ல சேதியா?"

"நல்ல சேதிதான்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.